பத்து நாள் நிக்கப் போற கலைக்கு நாலு மாச வேலை: பெங்களூர்ல ஆர்ட் ஃபெஸ்டிவலுக்கு கமிஷன் பண்றது எப்படி

ஆர்ட் கமிஷன் பண்ற வேலைல இருக்கேன்னு எங்க சித்தப்பா கிட்ட சொன்னப்ப அவர் கேட்ட மொத கேள்வி, "எத்தன பர்சன்ட் வரும்?" அந்தக் கமிஷன் இல்ல சித்தப்பா, ஒரு ஆர்ட்டிஸ்ட கூப்ட்டு, இந்த இடத்துக்குன்னு ஒண்ணு செஞ்சு குடுங்கன்னு சொல்லி, காசு ஏற்பாடு பண்ணி, பர்மிஷன் வாங்கி, நிக்க வெச்சு, அப்புறம் கழட்டி எடுத்துட்டுப் போறதுன்னு சொன்னேன். கடைசி வார்த்தைய மட்டும் பிடிச்சுக்கிட்டாரு, "கழட்றதுக்கா இவ்ளோ பாடு?" ஆமா, அதுக்குத்தான். புதுசா இந்த வேலைக்கு வர்றவங்க எல்லாரும் திறப்பு விழா தேதில இருந்து பிளான் போடறாங்க, நான் கழட்ற தேதில இருந்து போடச் சொல்றேன். ஏன்னு போகப் போகத் தெரியும்.

நான் பொறந்து வளந்தது இதே பெங்களூர்ல அல்சூர். சித்திரை பௌர்ணமிக்கு பூப்பல்லக்கு வரும்போது ராத்திரி பூரா தூங்காம ரோட்டோரம் உக்காந்தவன். லாரி மேல மூங்கில், சீரியல் லைட், பூ, மறுநாள் பாத்தா ஒண்ணும் இருக்காது, ரோடு கழுவி விட்ட மாதிரி இருக்கும். தற்காலிக பொதுக்கலைன்னு இப்ப பெரிய பேர் வெச்சு சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே நம்மாளுங்களுக்கு இது கைவந்த வேலை. அதனால பயப்படாதீங்க.

மொதல்ல இடம், அப்புறம்தான் ஆர்ட்டிஸ்ட்

ஐடியா பிடிச்சுட்டு இடம் தேடாதீங்க. இடத்த மூணு தடவ போய் பாருங்க, காலைல 7 மணிக்கு, சாயங்காலம் 6 மணிக்கு, ராத்திரி 11 மணிக்கு. காலைல வாக்கிங் போறவங்க, சாயங்காலம் பானி பூரி வண்டி, ராத்திரி அங்கயே படுத்துத் தூங்கறவங்க, மூணு பேருக்கும் அது சொந்த இடம், நீங்கதான் விருந்தாளி. பானி பூரிக்காரர் வழக்கமா நிக்கிற இடத்துல நீங்க சிற்பத்த வெச்சீங்கன்னா பத்து நாளும் அவர் உங்களுக்கு எதிரி, ரெண்டடி தள்ளி வெச்சீங்கன்னா பத்து நாளும் காசு வாங்காத வாட்ச்மேன்.

தரையப் பாருங்க. சர்ச் ஸ்ட்ரீட் 2018ல கல் பதிச்சு புதுசா போட்ட ரோடு, அது அடியில கேபிளும் பைப்பும் ஓடுது, அங்கல்லாம் டிரில் போடறேன்னு வாயத் திறந்தாலே கதை முடிஞ்சுது. எனக்குத் தெரிஞ்சு ரோட்டுல நிக்கிற எல்லாத்துக்கும் தரையத் தொளைக்காம, வெயிட்டு வெச்சு நிறுத்தறதுதான் வழி. கப்பன் பார்க், லால்பாக் ரெண்டும் தோட்டக்கலைத் துறை கையில, பார்க்குங்களுக்குன்னு 1975ல இருந்து தனிச் சட்டமே இருக்கு, அதனால "பார்க்தானே, ஓப்பன் இடம்தானே"ன்னு போகாதீங்க. திப்பு பேலஸ், பழைய கோட்டை மாதிரி மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம்னா எல்லைல இருந்து 100 மீட்டர் வரைக்கும் கட்டுமானத்துக்குத் தடை, அதுக்கப்புறம் 200 மீட்டர் அனுமதியோடதான். தற்காலிகம்தானேன்னு நீங்களே முடிவு பண்ணிக்காதீங்க, எழுதிக் கேட்டு எழுத்துலயே பதில் வாங்குங்க.

பிரீஃப் எழுதறது

பிரீஃப்னா ஆர்ட்டிஸ்டுக்கு நாம எழுதிக் குடுக்கற வேலைக் குறிப்பு. ரெண்டு பக்கத்துக்கு மேல போனா ஆர்ட்டிஸ்ட் படிக்க மாட்டாங்க. என்ன செய்யணும்னு எழுதாதீங்க, எதுக்குள்ள செய்யணும்னு எழுதுங்க. இடத்தோட அளவு, தரை எப்படி, கரண்ட் இருக்கா இல்லையா, எந்த நாள் ஏத்தி நிறுத்தணும், எந்த நாள் காலியாகணும், மொத்தத் தொகை எவ்வளவு, அதுல வரியும் லாரியும் சேந்ததா இல்லையா. "நகரமும் நினைவும்" மாதிரி தீம் ஒரு வரி போதும். நான் பாத்த மோசமான பிரீஃப்ல எல்லாம் தீம் மூணு பாரா, தொகை கடைசி வரில "பேசிக்கொள்ளலாம்". பேசிக்கலாம்னு போட்டாலே நல்ல ஆர்ட்டிஸ்ட் பாதிப் பேர் ஓடிடுவாங்க.

ஆள் எடுக்கறதுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் திறந்து விட்டா புது ஆளுங்க வருவாங்க ஆனா அப்ளிகேஷனெல்லாம் படிச்சு முடிக்க ஒரு மாசம் போகும், நேரம் இல்லன்னா மூணு பேர நேரா கூப்ட்டு கான்செப்ட் கேளுங்க. ஒண்ணு மட்டும், கான்செப்டுக்கும் காசு குடுங்க. சின்னத் தொகையா இருந்தாலும் சரி. மூணு பேர் கிட்ட ஓசில டிராயிங் வாங்கி, ஒருத்தர் ஐடியாவ இன்னொருத்தர வெச்சு செய்யற கூட்டம் இந்த ஊர்ல இருக்கு, அந்த லிஸ்ட்ல உங்க பேர் வர வேணாம்.

பெருசா இருந்தாத்தான் கலைன்னும் இல்ல. 2015ல பாதல் நஞ்சுண்டசாமி சுல்தான்பாளையா பக்கம் தண்ணி தேங்கின ரோட்டுப் பள்ளத்துல ஒரு முதலைய செஞ்சு போட்டாரு, ஊரே போட்டோ எடுத்துச்சு, பள்ளத்தையும் மூடினாங்க. அது யாரும் கமிஷன் பண்ணினது இல்ல, ஆனா இடத்த எப்படிப் படிக்கணும்ங்கறதுக்கு நான் புதுசா வர்றவங்களுக்கு காட்டற மொத உதாரணம் அதுதான்.

காசு

இது என் கணக்கு, யாரும் சட்டமா போடல. 5 லட்ச ரூபா வேலைன்னா ஆர்ட்டிஸ்ட் ஃபீஸ் 1 லட்சம், செய்யறதுக்கு 2 லட்சம், லாரி கிரேன் ஏத்தற கூலி எல்லாம் சேத்து 75 ஆயிரம், வாட்ச்மேன் இன்சூரன்ஸ் கரண்டுக்கு 40 ஆயிரம், கழட்டி ரோட்ட சரி பண்ண 35 ஆயிரம், எதிர்பாராததுக்கு 50 ஆயிரம். அந்த 35 ஆயிரத்த தனி கவர்ல போட்டு வெச்ச மாதிரி வெச்சுக்கோங்க. திறப்பு விழாவுக்கு மொத நாள் யாராவது வந்து "லைட் கொஞ்சம் கம்மியா இருக்கே, எக்ஸ்ட்ரா நாலு போடலாமா"ன்னு கேப்பாங்க, கை தானா அந்தக் கவருக்குப் போகும். போகக் கூடாது.

ஆர்ட்டிஸ்ட் ஃபீஸும் செய்யற செலவும் ஒரே தொகையா குடுத்துராதீங்க. இரும்பு விலை ஏறினா ஆர்ட்டிஸ்ட் தன் ஃபீஸ்ல இருந்துதான் போடுவாரு, உங்க கிட்ட சொல்லவும் மாட்டாரு, கடைசில கையில ஒண்ணும் நிக்காது. டி.டி.எஸ்., அதாவது காசு குடுக்கும்போதே பிடிச்சுக்கற வருமான வரி பத்தி மொத நாளே சொல்லிடுங்க, ஃபீஸ்ல 10 சதவீதம் பிடிப்பாங்க, வெல்டிங், பந்தல் மாதிரி காண்ட்ராக்ட் வேலைன்னா தனி ஆளுக்கு 1, கம்பெனிக்கு 2. ஒரு லட்சம்னு சொல்லி 90 ஆயிரம் அக்கவுண்ட்ல விழுந்தா மொத தடவ வர்ற பசங்க ஏமாத்திட்டாங்கன்னுதான் நினைப்பாங்க, அது வருமான வரி ரிட்டர்ன்ல கணக்குல வரும்னு பொறுமையா உக்காந்து சொல்லிக் குடுங்க.

பர்மிஷன்

2025 செப்டம்பர்ல பெங்களூர் மாநகராட்சியா இருந்த பி.பி.எம்.பி. போய் அஞ்சு மாநகராட்சியா பிரிச்சாச்சு, அதனால பழைய லெட்டர காப்பி பண்ணி அட்ரஸ் மாத்தாம குடுக்காதீங்க, உங்க ரோடு எதுல வருதுன்னு பாத்துட்டுப் போங்க. அதுக்கப்புறம் லோக்கல் ஸ்டேஷன், டிராஃபிக் போலீஸ், ஃபயர், தற்காலிக கரண்ட் கனெக்ஷனுக்கு பெஸ்காம், மெட்ரோ தூண் பக்கத்துலன்னா மெட்ரோக்காரங்க. எல்லாத்துக்கும் ஒரே ஃபைல், அதுல மொத பக்கத்துலயே சைட் பிளான், நிக்கிற போட்டோ மாதிரி ஒரு படம், எடை, உயரம், ஏத்தற ராத்திரி, கழட்ற ராத்திரி. கழட்ற தேதி மொத பக்கத்துல இருந்தா ஆபீசர் முகமே மாறும், நானே பாத்திருக்கேன். அவங்க பயம் கலை மேல இல்ல, இது இங்கயே கிடந்துடுமோன்னுதான்.

"நாளே பன்னி"ன்னு சொல்லுவாங்க, கன்னடத்துல நாளைக்கு வாங்கன்னு அர்த்தம். நாளைக்கும் போங்க. கோவம் வந்தா கிறிஸ்டோங்கற ஆர்ட்டிஸ்ட நினைச்சுக்கோங்க, பெர்லின்ல ரைக்ஸ்டாக்ங்கற பழைய பார்லிமென்ட் கட்டடத்த துணியால மூடணும்னு அவரும் அவர் மனைவி ஜான்-கிளோடும் யோசிச்சது 1971ல, 1994ல ஜெர்மன் பார்லிமென்ட்லயே அதுக்கு ஓட்டு எடுத்தாங்க, 292க்கு 223, அப்புறம் 1995ல மூடினாங்க, 14 நாள்தான், பிரிச்சு எடுத்துட்டாங்க. 24 வருஷம் அலைஞ்சு 14 நாள். நமக்கு வார்டு ஆபீஸுக்கு நாலு நடை.

ஸ்பான்சர் விஷயம் ஒண்ணு. 2018 ஆகஸ்ட்ல ஹைகோர்ட் பிடிச்ச பிடில இந்த ஊர்ல ஃப்ளெக்ஸ் பேனருக்கு தடை வந்துச்சு. ஸ்பான்சர் ஆபீஸ் வேற ஊர்ல இருந்தா அவங்களுக்கு இது தெரியாது, "10 அடிக்கு லோகோ"ன்னு கேப்பாங்க. துணிலயோ மரப்பலகைலயோ ஒன்றரை அடிக்கு மேல கிடையாதுன்னு அக்ரிமென்ட் போடும்போதே சொல்லிடுங்க. சவுண்டு வர்ற வேலைன்னா ராத்திரி 10 மணில இருந்து காலைல 6 வரைக்கும் ஸ்பீக்கர் கூடாது, அத மெஷின்லயே டைமர் போட்டு நிறுத்துங்க, வாட்ச்மேன நம்பாதீங்க பாவம் அவர் தூங்கிடுவாரு.

காத்து

இதுல யாரும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து இல்லாம தலைக்கு மேல உயரமா எதையும் நிறுத்தாதீங்க. ஏன்னு ஒரு கணக்கு சொல்றேன். ஐ.எஸ். 875ங்கற கோடுல, அதாவது கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதில, பெங்களூருக்குப் போட்டிருக்கற அடிப்படை காத்து வேகம் செகண்டுக்கு 33 மீட்டர். அந்த வேகத்த அதாலயே பெருக்கி 0.6ஆல பெருக்கினா ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு தள்ளும்னு வரும், கிட்டத்தட்ட 650 நியூட்டன், நம்ம பாஷைல 66 கிலோ. 3 மீட்டர் அகலம் 4 மீட்டர் உயரத்துல ஒரு சுவர் மாதிரி பலகை நிக்குதுன்னு வெச்சுக்கோங்க, 12 சதுர மீட்டர், 800 கிலோ தள்ளு. அது நடுவுல, அதாவது 2 மீட்டர் உயரத்துல தள்ளுது. அடில பேஸ் 2 மீட்டர் அகலம்னா கவுந்துடாம இருக்க மட்டுமே 1600 கிலோ வேணும், அதாவது 200 லிட்டர் டிரம்முல தண்ணி ரொப்பி எட்டு டிரம். அதுக்கு மேல பாதுகாப்புக்கு இன்னும் கூட்டணும். தற்காலிகம்னா இன்ஜினியர் கொஞ்சம் குறைப்பாரு, வலை மாதிரி ஓட்டையா இருந்தா இன்னும் குறையும், அது அவர் பாடு. ஆனா "ரெண்டு மணல் மூட்டை போதும் சார்"னு யாராவது சொன்னா இந்த எட்டு டிரம்ம நினைச்சுக்கோங்க.

டிசம்பர் ஜனவரின்னா பெரும்பாலும் காஞ்ச வானம், நல்ல மாசம். ஏப்ரல் மேல வெச்சீங்கன்னா சாயங்காலம் நாலு மணிக்கு மேல இருட்டிக்கிட்டு வந்து பத்து நிமிஷம் அடிக்கிற காத்து இருக்கே, அது கோடெல்லாம் படிக்காது.

ஒரு தடவ பரோடால படிச்ச ஒரு பையன், நல்ல ஆர்ட்டிஸ்ட், மூங்கில்ல பழைய புடவைங்கள கட்டி ஒரு படகு மாதிரி, 15 அடி, ஏரிக்கரைல நிக்கணும்னு டிராயிங் குடுத்தாரு. எங்க ஏரியா பந்தல்கார அண்ணன கூட்டிட்டுப் போனேன். அவர் டிராயிங்க வாங்கவே இல்ல, கரைல போய் நின்னு ஏரிய பாத்தாரு, அப்புறம் இடுப்புல இருந்த துண்ட உருவி ரெண்டு விரல்ல பிடிச்சாரு. துண்டு எங்க பக்கமா பறந்துச்சு.

"தம்பி, காத்து தண்ணில இருந்து வருது. நீ படக வயித்தக் காட்டி நிறுத்தி இருக்க. மூக்கக் காட்டு."

நான் ஹிந்தில சொன்னேன். பையன் அப்படித் திருப்பினா ரோட்டுல இருந்து பாக்கறவங்களுக்கு படகு தெரியாது, ஒரு கோடு மாதிரிதான் தெரியும்னாரு. அண்ணன் யோசிச்சாரு. "அப்ப புடவைய கீழ கட்டாத. மேல மட்டும் முடிச்சு போடு, கீழ ஆடட்டும். காத்து வந்தா போயிடும். இன்னொண்ணு, கீழ ஆறடிக்கு குறுக்கு மூங்கில் வெக்காத, பசங்க ஏறுவாங்க." கடைசில படகு அப்படியேதான் நின்னுச்சு, புடவைங்க கீழ அவுந்து ஆடிச்சு, பத்திரிகைல எழுதினவங்க எல்லாம் அந்த ஆட்டத்தத்தான் எழுதினாங்க. இன்ஜினியரும் அந்த மாத்தத்துக்கு அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாரு. அதனால சொல்றேன், டிராயிங் முடியறதுக்கு முன்னாடி பந்தல்காரரையோ வெல்டரையோ ஒரு தடவ இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. எஸ்.பி. ரோட்டுல நட்டு போல்டு வாங்கப் போறப்ப கூட அவங்களோடயே போங்க. மண்ணுல எதாவதுன்னா குயவங்க இருக்கற பாட்டரி டவுன் இருக்கு, வினாயகர் சீசன் முடிஞ்சு போனா நேரமும் இருக்கும், பேச்சும் கிடைக்கும்.

கரண்ட் ஒரே வரி: ஜனங்க கை படற லைட்டெல்லாம் 24 வோல்ட், மெயின்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிஞ்சா உடனே நிறுத்தற சுவிட்ச், இல்லாம சுவிட்ச் போட விடாதீங்க.

அக்ரிமென்ட்

நண்பர்தானேன்னு வாட்ஸாப்ல முடிக்காதீங்க. நாலு விஷயம் எழுத்துல கட்டாயம் வேணும்.

காப்பிரைட் யாருக்குன்னு எழுதுங்க. 1957 காப்பிரைட் சட்டத்துல ஒரு விசித்திரம் இருக்கு, காசு குடுத்து ஓவியம் வரையச் சொன்னா, வேற எதுவும் எழுதிக்கலன்னா காப்பிரைட் காசு குடுத்தவருக்குப் போயிடும், ஆனா சிற்பம் அந்த லிஸ்ட்லயே இல்ல, அது செஞ்சவர் கிட்டயே இருக்கும். ஒரே ஃபெஸ்டிவல்ல சுவர் ஓவியத்துக்கு ஒரு கதை, பக்கத்துல நிக்கிற சிற்பத்துக்கு இன்னொரு கதை. என் கருத்து, ரெண்டையும் ஆர்ட்டிஸ்ட் கிட்டயே விட்டுட்டு ஃபெஸ்டிவலுக்கு பயன்படுத்தற உரிமை மட்டும் எழுதி வாங்குங்க.

போட்டோ. பொது இடத்துல நிரந்தரமா இருக்கற சிற்பத்த போட்டோ எடுத்துப் போடறது தப்பில்லன்னு அதே சட்டம் சொல்லுது. நிரந்தரமா. நம்மது பத்து நாள்தான், அதனால அந்த சலுகைய நம்பாம, அடுத்த வருஷ போஸ்டர்ல போட, ஸ்பான்சர் ரிப்போர்ட்ல போட எல்லாத்துக்கும் அனுமதி ஒரு வரில வாங்கிடுங்க.

மூணாவது, கழட்டறதுக்கு சம்மதம். டெல்லி விஞ்ஞான் பவன்ல அமர்நாத் சேகல் செஞ்ச பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்த 1979ல ரிப்பேர் வேலைன்னு பிச்சு எடுத்து கிடங்குல போட்டாங்க, அவர் கோர்ட்டுக்குப் போய் 2005ல டெல்லி ஹைகோர்ட் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு, சிற்பத்தத் திருப்பிக் குடுக்கணும், 5 லட்சம் நஷ்ட ஈடும். காசு குடுத்து வாங்கினாலும் படைப்ப சிதைக்க உங்களுக்கு உரிமை இல்லங்கறதுதான் அதோட சாரம். நாம கழட்டித்தான் ஆகணும், சில சமயம் வெட்டித்தான் எடுக்கணும். அதனால எந்தத் தேதி, யார் கழட்டுவாங்க, எப்படி, மிச்சம் யாருக்கு, உடைஞ்சா பரவால்லையா, ஒவ்வொண்ணா எழுதி ஆர்ட்டிஸ்ட் கையெழுத்து.

நாலாவது, காசு எப்போ. நான் கையெழுத்துல 40, பாதி வேலை பாத்துட்டு 30, நின்னதும் 20, இடம் காலியானதும் 10னு வெப்பேன். அந்தக் கடைசி பத்துதான் ஆர்ட்டிஸ்ட கழட்ற ராத்திரி வரைக்கும் ஊர்ல வெச்சிருக்கும். மூணாம் மனுஷனுக்கு அடிபட்டா பாக்கற இன்சூரன்ஸ் நீங்க எடுங்க, அவங்க தலைல கட்டாதீங்க.

ஏத்தற ராத்திரி, நடுவுல பத்து நாள்

பகல்ல சிட்டி நடுவுல பெரிய லாரி விட மாட்டாங்க, அதனால எல்லாமே ராத்திரி வேலை. முடிஞ்ச வரைக்கும் டாட்டா ஏஸ்ல போற அளவுக்குத் துண்டு துண்டா செய்யச் சொல்லுங்க. டீ, பிஸ்கட், ஹெல்மெட், கையுறை, பெண்கள் இருந்தா பக்கத்துல திறந்திருக்கற டாய்லெட் எதுன்னு முன்னாடியே பாத்து வைங்க, இது யாரும் பட்ஜெட்ல எழுதறதில்ல. ஏத்தறதுக்கு முன்னாடி அந்தத் தரைய நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க, பழைய விரிசல் எல்லாம் தெரியணும்.

தொடாதேன்னு போர்டு வெக்காதீங்க, தொடத்தான் செய்வாங்க. தொட்டா தாங்கற மாதிரி செய்யுங்க. போர்டு வெச்சா கன்னடம் மேல, அப்புறம் இங்கிலீஷ், ஏரியாவப் பொறுத்து தமிழ் இல்ல உருது. தினமும் காலைல ஒரு ஆள் வந்து நட்டு போல்டெல்லாம் தட்டிப் பாத்து நோட்டுல கையெழுத்துப் போடணும்.

கழட்டறது

இப்ப என் கதை. அந்தப் படகேதான். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஃபெஸ்டிவல் முடிஞ்சுது, கழட்ற காச திறப்பு விழா லைட்டுக்கு எப்பவோ தின்னாச்சு, மேல சொன்ன கவர் புத்தியெல்லாம் எனக்கு அதுக்கப்புறம் வந்ததுதான். ஆர்ட்டிஸ்டுக்கு முழுக் காசும் குடுத்துட்டோம், அவர் ஞாயித்துக்கிழமை சாயங்காலமே ரயில் ஏறிட்டாரு, தப்பு அவர் மேல இல்ல, இருக்கச் சொல்லி யாரும் எழுதல. திங்கக்கிழமை படகு நிக்குது. செவ்வாய்க்கிழமையும். புதன்கிழமை மழை, டிசம்பர்ல வரவே கூடாத மழை, புடவையெல்லாம் தண்ணி குடிச்சு தொங்குது, ஒரு மூங்கில் வளைஞ்சு நடைபாதை மேல சாஞ்சுடுச்சு. வாக்கிங் வர்ற ஒரு பாட்டி தினமும் அதத் தடவிட்டுப் போவாங்க, அன்னிக்கு குனிஞ்சு அடில நுழைஞ்சு போனாங்க, நான் எதிர்ல நின்னு பாத்துட்டே இருந்தேன், வயித்தக் கலக்கிடுச்சு. அன்னிக்கு ராத்திரியே பந்தல்கார அண்ணனுக்கு போன். "காசு அப்புறம் பாக்கலாம் வா"ன்னாரு. ரெண்டு பசங்களோட வந்து, மொதல்ல புடவைங்கள மேல இருந்து அவுத்து ஈரத்தோட மடிச்சு, எடை குறைஞ்சதும் மேல் மூங்கில், அப்புறம்தான் கீழ் மூங்கில், ரெண்டரை மணி நேரம், ஒரு கயிறு கூட அறுக்கல, எல்லாம் முடிச்சுதான், அவுத்தாரு. மூங்கில் அவர் கிடங்குக்குப் போயி அடுத்த மாசம் ஏதோ கல்யாணப் பந்தல்ல நின்னுச்சு.

அதனால கழட்ற ஆளுக்கு ஏத்தும்போதே அட்வான்ஸ் குடுத்துடுங்க, ஏத்தினவரே கழட்டணும், அவருக்குத்தான் எந்த முடிச்சு எங்கன்னு தெரியும். மிச்சப் பொருளுக்கு முன்னாடியே ஆள் பாத்து வைங்க, இரும்பு எடைக்குப் போகும், மூங்கில் பந்தலுக்கு, துணி தைக்கிறவங்களுக்கு. தெர்மாகோல் வாங்க ஆள் இல்ல, அதனால தெர்மாகோல் வேலைக்கு நான் சம்மதிக்கறதே இல்ல. போல்டு எதாவது தரைல போட்டிருந்தா வெட்டி விடாம முழுசா எடுத்து சிமென்ட் பூசுங்க, அரை இஞ்ச் நீட்டிக்கிட்டு இருந்தா போதும் ஒருத்தர் கால் போகும்.

அதே கோணத்துல, அதே நாலு பக்கமும் மறுபடி போட்டோ எடுத்து, பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல வெச்சு லெட்டரோட குடுத்து, இடம் காலியாச்சுன்னு ரசீது வாங்குங்க. டெபாசிட் கட்டியிருந்தா அந்த ரசீது இல்லாம திரும்பாது. எனக்கு ஒரு இடத்துல ஏழு மாசம் ஆச்சு, ரசீது இருந்தும்.